கறுப்பு லில்லிக்குப் பின்னால் இருப்பவர்கள்



போன வாரம் இங்கிலாந்தில் மகள் வீட்டுத் தோட்டத்தில் பூத்திருந்த லில்லியின் படத்தைப் போட்டிருந்தேன். "டீச்சர், இது நிஜப் பூவா, போனில் கலர் மாற்றினதா?" என்று ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டீர்கள். சென்னையிலிருக்கும் கொழுந்தனார் மகள், தொட்டியில் வைத்தால் அங்கே வருமா என்று கேட்டாள். மூலனூர்ப் பக்கத்து மாணவன் ஒருவன், "நம்ம கண்வலிப் பூவுக்கு இது சொந்தமா டீச்சர்?" என்று கேட்டிருந்தான். மூன்று கேள்விக்கும் இதிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். நாற்பது நிமிடப் பீரியடில் முடியாத பாடத்தை மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் நடத்தினவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும்.

நிஜப் பூதான். ஆனால் கறுப்பு இல்லை. பூக்களில் கறுப்பு என்று தனியாக ஒரு சாயம் கிடையாது. கத்தரிக்காய்த் தோலுக்கும் நாவல் பழத்துக்கும் நிறம் தருகிற ஆந்தோசயனின் என்ற சாயக் குடும்பம்தான் இதிலும் இருக்கிறது. அது இதழில் மிகவும் அடர்த்தியாகச் சேர்ந்துவிட்டால் நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகிறது. அந்தப் பூவைச் சாயங்கால வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், நல்ல அடர் சிவப்பாக ஒளிவிடும். இதழ்கள் பின்னுக்கு வளைந்து, பூ தரையைப் பார்த்துத் தொங்கும். இதழின் விளிம்பில் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கரை. நடுவில் பச்சை நட்சத்திரம். இந்த வகையின் பெயர் பிளாக் பியூட்டி. இதைவிடக் கறுத்த லில்லிகள் இன்று கடையில் கிடைக்கின்றன, லாண்டினி என்று ஒன்று, நைட் ஃபிளையர் என்று ஒன்று. இருந்தாலும் இதன் கதை அவற்றுக்கு இல்லை.

கதைக்குள் போகும் முன் ஒன்றைத் தனியே பிரித்து வைத்துவிடுவோம். ஜப்பானில் குரோயூரி என்று ஒரு பூ உண்டு. 'கறுப்பு லில்லி' என்றே பொருள். நம் லின்னேயஸ் 1753-ல் அதை லில்லி இனத்தில்தான் சேர்த்தார். பிறகு வந்தவர்கள் ஃப்ரிட்டிலாரியா என்ற வேறு இனத்துக்கு மாற்றிவிட்டார்கள். கம்சட்காவிலும் அலாஸ்காவிலும் அதன் கிழங்கைச் சாப்பிடுவார்கள். கிழங்கைச் சுற்றி அரிசி அரிசியாகச் சிறு மணிகள் இருக்கும். பூவுக்கு நாற்றம் உண்டு, ஈக்களை இழுப்பதற்காக. 16-ஆம் நூற்றாண்டில் எச்சூ நாட்டை ஆண்ட சஸ்ஸா நரிமாசா என்ற பிரபு, சயூரி என்ற பெண்ணைச் சந்தேகப்பட்டுக் கொன்றதாகவும், தத்தேயாமா மலையில் கறுப்பு லில்லி பூக்கும்போது உன் குலம் அழியும் என்று அவள் சபித்ததாகவும் ஒரு கதை. 1588-ல் ஹிதேயோஷியின் உத்தரவால் நரிமாசா உயிரை விட்டது வரலாறு. சாபம் மக்கள் சேர்த்தது. நம் ஊர் அம்மன் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது எப்படிச் சேர்ந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பூவை விட்டுவிடுவோம். நாம் பேசுவது உண்மையான லில்லி.

பிளாக் பியூட்டிக்கு அம்மா ஜப்பான், அப்பா சீனா. இரண்டும் காட்டுச் செடிகள். இரண்டில் எதுவும் கறுப்பில்லை.

அம்மாவின் பெயர் லிலியம் ஸ்பெசியோசம். ஜப்பானியர் கனோகோ-யூரி என்பார்கள். மான்குட்டியின் மேலுள்ள புள்ளி மாதிரி இளஞ்சிவப்பு இதழில் சிவப்புப் புள்ளிகள், அதனால் அந்தப் பெயர். இதை ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தவர்கள் மூன்று பேர், மூவரும் மருத்துவர்கள், மூவரும் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்கள். அந்த இடம் நாகசாகித் துறைமுகத்தில் விசிறி வடிவில் மண் கொட்டி உண்டாக்கிய தெஜிமா என்ற குட்டித் தீவு. அன்றைய ஜப்பான் வெளிநாட்டாருக்குக் கதவைச் சாத்தியிருந்தது. ஐரோப்பியரில் டச்சு வணிகர்களுக்கு மட்டும் அந்தத் தீவில் இடம். அவர்களுக்கு ஒரு வைத்தியர் வேண்டுமே, அப்படிப் போனவர்கள்தான் இவர்கள். 1690-ல் போன எங்கல்பெர்ட் கெம்ப்ஃபர் ஜெர்மானியர். அவர் 1712-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த லில்லி வருகிறது. 1775-ல் போன தூன்பெர்க் சுவீடன்காரர், லின்னேயஸின் மாணவர். 1794-ல் அறிவியல் பெயர் வைத்தவர் அவர்.

மூன்றாமவர் ஃபிலிப் ஃபிரான்ஸ் ஃபான் சீபோல்ட். இவர் கதையில்தான் நிற்க வேண்டும். 1823-ல் தெஜிமாவுக்கு வந்தார். நாகசாகிக்கு வெளியே நருத்தாகி என்ற இடத்தில் ஜப்பானிய இளைஞர்களுக்கு மேலைநாட்டு மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். நோயாளிகள் தந்த பொருள்களும் மாணவர்கள் கொண்டுவந்த செடிகளும் அவரிடம் குவிந்தன. 1828-ல் அவரிடம் ஜப்பானின் வரைபடங்கள் இருப்பது தெரிந்துபோயிற்று. வெளிநாட்டாருக்கு வரைபடம் கொடுப்பது அங்கே பெரிய குற்றம். சீபோல்டை 1829-ல் நாட்டைவிட்டு வெளியேற்றினார்கள். அவருக்குத் தண்டனை அவ்வளவுதான். வரைபடம் கொடுத்த அரசவை வானியலாளர் தகஹாஷி ககேயசு சிறையிலேயே இறந்துபோனார். சீபோல்டின் மாணவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் பலர் தண்டிக்கப்பட்டார்கள்.

சீபோல்ட் கப்பலில் கொண்டுபோன செடிகளோடு கனோகோ-யூரியின் கிழங்குகளும் போயின. 1830-ல் அவர் போய் இறங்கிய நேரத்தில் பெல்ஜியத்தில் புரட்சி. செடிகளை கென்ட் நகரத் தோட்டத்தில் விட்டுவிட்டு அவர் ஹாலந்துக்குப் போக வேண்டியதாயிற்று. அதில் எத்தனையோ செடிகள் கைமாறிப்போயின. ஆனால் லில்லி பிழைத்துக்கொண்டது. 1830-களில் கென்டில் பூத்த அந்தப் பூவைப் பார்க்கக் கூட்டம் வந்தது. இன்றைக்கு எந்தப் பூச்செடிப் புத்தகத்தைத் திறந்தாலும் சீபோல்டின் பெயர் இருக்கும். தகஹாஷியின் பெயர் இருக்காது. அதற்காகவே இங்கே எழுதினேன்.

இனி அப்பா. லிலியம் ஹென்றியை. இதுவும் ஒரு மருத்துவரின் பெயர்தான்! அகஸ்டின் ஹென்றி, அயர்லாந்துக்காரர். சீன அரசின் சுங்கத்துறையில் மருத்துவ அதிகாரியாகச் சேர்ந்து, 1882-ல் யாங்சே ஆற்றங்கரையில் இச்சாங் என்ற ஊருக்குப் போனார். தனிமை, சலிப்பு. பொழுதுபோகச் செடிகளைப் பார்க்க ஆரம்பித்தார். பெயர் தெரியாததையெல்லாம் லண்டன் கியூ தோட்டத்துக்கு எழுதிக் கேட்டார். பிறகு அதுவே வேலையாகிவிட்டது. சீனாவில் இருந்த காலம் முழுவதும் சேர்த்து 15,000-க்கும் மேற்பட்ட உலர்செடி மாதிரிகளை அனுப்பினார். இச்சாங்கின் சுண்ணாம்புப் பாறைச் சரிவுகளில் அவர் கண்ட ஆரஞ்சு நிற லில்லி 1889-ல் கியூவில் பூத்தது.

ஆனால் அத்தனை செடிகளையும் ஹென்றி ஒருவரே மலையேறிப் பறிக்கவில்லை. உள்ளூர்ச் சீனர்களைக் கூலிக்கு வைத்துப் பயிற்சி கொடுத்து மலைக்கு அனுப்பினார். லில்லிக் கிழங்கைச் சமைத்துச் சாப்பிடுகிற நாடு அது. எந்தச் சரிவில் எது இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாதா?

நம் பக்கத்திலும் இதே கதைதான், ஒரு சின்ன வித்தியாசத்தோடு. நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் நீண்ட குழல் மாதிரி வெள்ளைப் பூப் பூக்கிற காட்டு லில்லி உண்டு. லிலியம் நீல்கெரென்ஸ் என்று அதற்குப் பெயர் வைத்தவர் ராபர்ட் வைட். அவரும் மருத்துவர், கம்பெனிப் படையில் சர்ஜன். நம் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிர்செய்து பார்க்கிற திட்டத்தைப் பத்து வருடத்துக்கு மேல் நடத்தியவர். அவருடைய பெரிய பெரிய தாவரப் புத்தகங்களுக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். வைட் அவர்கள் பெயரை மறைக்கவில்லை. ஓர் ஆர்க்கிடுக்குக் 'கோவிந்தூயா' என்றே பெயர் வைத்தார். பின்னாளில் வந்த தாவரவியலார் அதை வேறு இனத்தோடு சேர்த்துவிட்டதால் அந்தப் பெயர் இப்போது புழக்கத்தில் இல்லை. விதிப்படி சரிதான். எனக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

சரி, ஜப்பான் அம்மாவும் சீனா அப்பாவும் எங்கே சந்தித்தார்கள்? அமெரிக்காவில்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜப்பான் கதவைத் திறந்த பிறகு யோகோஹாமா துறைமுகத்திலிருந்து லில்லிக் கிழங்குகள் லட்சக்கணக்கில் கப்பலேறின. கிழங்கு காயாமலிருக்க ஒவ்வொன்றையும் களிமண்ணில் பொதிந்து பெட்டியில் அடுக்குவார்களாம். அமெரிக்கர்கள் ஈஸ்டர் பண்டிகைக்குத் தேவாலயத்தில் வைக்கிற வெள்ளை லில்லியும் அப்படி ஜப்பானிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. 1919-ல் லூயிஸ் ஹௌட்டன் என்பவர், முதல் உலகப்போரிலிருந்து திரும்பியவர், ஒரு சூட்கேஸ் நிறைய அந்தக் கிழங்குகளை ஓரிகன் மாநிலத்தின் தென்கரைக்குக் கொண்டுவந்து நண்பர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கொடுத்தார். பனியும் இல்லாத, வெயிலும் கொளுத்தாத கடற்கரை. கிழங்கு நன்றாக வந்தது. பெரும்பாலும் வீட்டுத் தோட்டம் என்ற அளவிலேயே இருந்தது.

1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர். ஜப்பான் கிழங்கு நின்றுபோயிற்று. ஒரே நாளில் வீட்டுக்குப் பின்னால் கிடந்த கிழங்குக்குப் பொன் விலை. 'வெள்ளைத் தங்கம்' என்றே பேர் வைத்தார்கள். 1945-க்குள் அந்தப் பசிபிக் கரையில் ஏறக்குறைய 1,200 பேர் லில்லி பயிரிட்டார்கள். பிறகு விலை விழுந்ததும் பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள். மிளகாய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் நம் ஊரில் வருகிற அதே ஆட்டம்.

அந்தக் கரையில் ஹார்பர் என்ற சிற்றூரில் நர்சரி வைத்திருந்தவர்தான் லெஸ்லி உட்ரிஃப். பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இல்லை. பிகோனியாவும் லில்லியும் வளர்த்து விற்றவர், மனத்தில் தோன்றியதையெல்லாம் ஒட்டிப் பார்த்தவர். ஸ்பெசியோசத்தின் சூல்முடியில் ஹென்றியின் மகரந்தத்தை வைத்தார். இரண்டும் லில்லியே ஆனாலும் தூரத்துச் சொந்தம். இப்படிப்பட்ட கலப்பில் கரு உண்டானாலும் அதற்கு ஊட்டம் கொடுக்க வேண்டிய வெண்சதை விதைக்குள் சரியாக வளராது. விதையைப் பிளந்தால் உள்ளே வெறும் உமி மாதிரி இருக்கும். ஆய்வுக்கூடங்களில் கருவை மட்டும் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வளர்ப்பார்கள். நர்சரிக்காரருக்கு அதெல்லாம் எங்கே? திரும்பத் திரும்பச் செய்வது ஒன்றுதான் வழி. 1957-ல் செய்த அந்தக் கலப்பில் கிடைத்ததுதான் பிளாக் பியூட்டி.

பிள்ளை இரண்டு பேரிடமும் நல்லதை மட்டும் எடுத்துக்கொண்டு பிறந்தது. ஸ்பெசியோசம் அழகு, ஆனால் நோஞ்சான். வைரஸ் வந்தால் படுத்துவிடும், சுண்ணாம்பு மண் ஆகாது. ஹென்றி முரடன். சுண்ணாம்புப் பாறையில் பிறந்தது, வைரஸைத் தாங்கும், பத்து வருடம் கவனிக்காமல் விட்டாலும் நிற்கும். பிள்ளைக்கு அம்மாவின் சிவப்பு இன்னும் கனத்து வந்தது. அப்பாவின் உடம்பு வந்தது. வேரூன்றிய செடி ஆள் உயரத்துக்குப் போகும், ஒரு தண்டிலேயே பல பத்துப் பூக்கள் விடும். வட அமெரிக்க லில்லி சங்கம் சிறந்த லில்லிகளுக்கென்று வைத்திருக்கும் கௌரவப் பட்டியலில் முதலில் சேர்ந்ததும் இதுதான்.

ஒரு குறை உண்டு. கோவேறு கழுதை மாதிரி இதற்குச் சந்ததி இல்லை. விதை பிடிப்பது மிக அபூர்வம். அதனால் கிழங்கின் செதில்களைப் பிரித்து ஈர மண்ணில் வைத்துப் பெருக்குகிறார்கள். லில்லிக் கிழங்கு வெங்காயம் மாதிரி வழவழப்பாக மூடியிருக்காது, பூண்டுப் பல் மாதிரித் தனித்தனிச் செதிலாக இருக்கும். ஒவ்வொரு செதிலின் அடியிலும் ஒரு குட்டிக் கிழங்கு முளைக்கும். என் மகள் வீட்டில் நிற்பது உட்ரிஃபின் பாத்தியில் முளைத்த அந்த ஒற்றை நாற்றின் ஒரு துண்டுதான். உலகத்தில் எங்கே பிளாக் பியூட்டி நின்றாலும் அப்படித்தான்.

இப்போது வளர்க்கிறவர்களுக்கு. பெற்றோரின் ஊரைத் தெரிந்துகொண்டால் பக்குவம் தானாகப் புரியும். இரண்டும் மலைச்சரிவுச் செடிகள், தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். குளிர்நாட்டில் இருக்கிறவர்கள் செப்டம்பர், அக்டோபரில் நடுங்கள். கிழங்குக்கு மேலே தண்டிலிருந்தும் வேர் விடும் வகை இது, அதனால் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் வையுங்கள், மேலாக வைத்தால் தண்டு நிற்காது. வேருக்கு நிழல், தலைக்கு வெயில். சுவரோரப் பாத்தியானால் முன்னால் குட்டையான செடிகளை வைத்து அடிமண்ணை மறைத்துவிடுங்கள். கறும்பூவை இருட்டு மூலையில் வைக்காதீர்கள், பத்தடி தள்ளி நின்றால் பூ இருப்பதே தெரியாது. பின்னால் வெளிர்பச்சை இலையோ வெள்ளைச் சுவரோ இருக்க வேண்டும். மகள் முதலில் கறுப்பு வேலிப் பலகைக்கு முன்னால் வைத்திருந்தாள். பூத்ததைப் பக்கத்து வீட்டு அம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

தொட்டிக்கு பிளாக் பியூட்டி உயரம் அதிகம், காற்றில் சாயும். லாண்டினி மாதிரி ஆசியக் கலப்பு வகைகள் ஒரு மீட்டர் அளவில் நிற்கும். 30 சென்டிமீட்டர் அகலத் தொட்டியில் மூன்று கிழங்கு போதும். தொட்டி ஆழமாக இருக்கட்டும்.

ஏப்ரலிலிருந்து இலையைத் திருப்பிப் பாருங்கள். செக்கச்செவேலென்று ஒரு வண்டு இருக்கும். பார்க்க அழகு, ஆனால் அதன் புழு தன் கழிவையே மேலே பூசிக்கொண்டு இலையைத் தின்று தீர்க்கும். கையால் பொறுக்குவதுதான் நல்ல வைத்தியம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும், 1992-லிருந்து அங்கேயும் இருக்கிறது. பூனை வளர்க்கிறவர்கள் லில்லியே வைக்க வேண்டாம். இலை, பூ, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரை வாங்கிவிடும். இதை விளையாட்டாக எடுக்காதீர்கள்.

சென்னைக் கண்மணிக்கு: வராது அம்மா. லில்லிக் கிழங்கு நன்றாகப் பூக்க மாதக்கணக்கில் குளிர் வேண்டும். கடையில் குளிரூட்டி விற்கிற கிழங்கு முதல் வருடம் பூக்கும், அடுத்த வருடம் இலை மட்டும் வரும், பிறகு அதுவும் வராது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருந்தால் முயன்று பார்க்கலாம்.

உட்ரிஃப் கதை இன்னும் முடியவில்லை. பூக்கடையில் வாசனையோடு மேல்நோக்கி மலர்ந்திருக்கிற இளஞ்சிவப்பு ஸ்டார் கேஸர் லில்லியைப் பார்த்திருப்பீர்கள். கல்யாண மேடை அலங்காரத்தில் இப்போது நம் ஊரிலும் வைக்கிறார்கள். அதுவும் அவர் உண்டாக்கியதே, 1974-ல். பழைய ஸ்பெசியோசம் வகைகள் தலையைத் தொங்கப்போடும், பெட்டியில் அடுக்கினால் நசுங்கும். இது வானத்தைப் பார்த்து நின்றதால் அந்தப் பெயர். வெட்டுப்பூ வியாபாரத்தையே மாற்றிய பூ. ஆனால் அதன் உரிமை வேறு கைக்குப் போய்விட்டது. உலகமெல்லாம் விற்ற பூவில் அவர் பணக்காரர் ஆகவில்லை. 1997-ல் காலமானார். ஒரு லில்லிக்கு 'லெஸ்லி உட்ரிஃப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அதுவும் சிவப்பும் வெள்ளைக் கரையுமாக அழகாக இருக்கும். அது பிளாக் பியூட்டியின் பேரக்குழந்தை மாதிரி.

சந்ததி இல்லாத பூவுக்குப் பேரன் எப்படி என்று கவனமாகப் படித்தவர்கள் கேட்பீர்கள். இங்கேதான் மூலனூர் மாணவனின் கேள்விக்குப் பதில் வருகிறது.

கால்சிசின் என்று ஒரு நஞ்சு இருக்கிறது. செல் பிரியும்போது இரட்டித்த குரோமோசோம்கள் இரண்டு பக்கமும் விலகிப் போக முடியாமல் அது தடுத்துவிடும், அதனால் ஒரே செல்லில் குரோமோசோம் இரட்டிப்பாகிவிடும். இதை 1937-ல் கண்டுபிடித்தார்கள். மலட்டுக் கலப்பினத்தில் ஜோடி சேர முடியாத குரோமோசோமுக்கு இப்படி ஒரு ஜோடி கிடைத்துவிட்டால் விதை பிடிக்கும். பிளாக் பியூட்டியையும் லில்லி ஆர்வலர்கள் கால்சிசினில் வைத்து இரட்டிப்பாக்கினார்கள். அதற்குப் பிறகு அதிலிருந்து பிள்ளைகள் பிறந்தன. 'மர லில்லி' என்று இன்று விற்கிற ஆள் உயர லில்லிகளில் பல அந்த வழியில் வந்தவை.

கால்சிசின் எதிலிருந்து வருகிறது? ஐரோப்பாவில் ஒரு புல்வெளிப் பூவின் கிழங்கிலிருந்து எடுத்தார்கள். இன்னொரு செடியிலும் அது நிறைய உண்டு. அது நம் செங்காந்தள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் முதல் பூ, தமிழ்நாட்டின் மாநில மலர், நீங்கள் சொல்கிற அதே கண்வலிக் கிழங்கு. ஆங்கிலத்தில் இதையும் லில்லி என்பார்கள், முன்பு லில்லிக் குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். இப்போது கால்சிசின் செடிகளுக்கென்று இருக்கிற தனிக் குடும்பத்தில் இருக்கிறது. ஆக, பிளாக் பியூட்டிக்கு அது ரொம்பத் தூரத்துச் சொந்தம் தம்பி. அந்தக் குடும்பத்துக்குச் சந்ததி கொடுத்த மருந்து அதனிடம் இருக்கிறது என்றும் சொல்லலாம். அன்றைக்குக் கால்சிசின் எந்தச் செடியிலிருந்து எடுத்ததோ, நம் காந்தள் விதையில் இருப்பதும் அதே பொருள்தான்.

மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கமும் வேதாரண்யத்திலும் இதை விதைக்காகவே பயிரிடுகிறார்கள். விதை ஏற்றுமதியாகி மூட்டுவாத மருந்துக்குப் போகிறது. கிழங்கைப் பறிக்கும்போதே கையைக் கழுவாமல் வாயில் வைக்காதே என்று உங்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள், நஞ்சு அப்படி. ஆடி வாக்கில் நட்டு, கம்பியில் படரவிட்டு, ஐப்பசி கார்த்திகையில் பூத்ததும் காலை நேரத்தில் பெண்கள் வரிசை வரிசையாக நின்று பூவுக்குப் பூ மகரந்தத்தைத் தொட்டு வைப்பார்கள். அதைச் செய்யாவிட்டால் காய் பிடிப்பது குறைவு. உட்ரிஃப் ஹார்பரில் குனிந்து செய்த அதே வேலை. அவர் பெயராவது ஒரு பூவில் இருக்கிறது. விதை விலை ஒரு வருடம் ஏறுகிறது, மறு வருடம் தரையில் கிடக்கிறது. அந்தக் கைவேலைக் கூலி எந்த வருடமும் யார் கணக்கிலும் பெரிதாக வருவதில்லை.

என் வகுப்பில் கார்த்திகை மாதம் பத்து மணிக்கு மேல் வந்து சேர்கிற பெண் பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். விரலில் மஞ்சள் பொடி ஒட்டியிருக்கும். அவர்களில் இப்போது இதைப் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால், அந்த வேலைக்கு உங்கள் தோட்டத்தில் என்ன பெயர் சொல்வீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை வரிசை முடிப்பீர்கள், அம்மாவுக்கு அன்று என்ன கூலி, இன்று என்ன கூலி என்று எனக்கு எழுதுங்கள். அலைபேசியில் குரலாகப் பேசி அனுப்பினாலும் சரி, நான் எழுதிக்கொள்கிறேன். உங்கள் பெயரைப் போடலாமா என்றும் சொல்லுங்கள்.